ஹொலிவுட் நடிகைக்கு ஒரு கல்வெட்டு

என்னிடம் கல்வெட்டு எழுதித் தரும்படி கேட்பவர்கள் வழக்கமாக இறந்தவரின் பிள்ளைகள். சம்பந்தப்பட்டவரே தொலைபேசி எடுத்து, "எப்ப வாறீர்?" என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் கல்வெட்டுக்கும் கல்லுக்கும் தொடர்பில்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களின் கையில், பாயாசம் குடித்து முடிந்ததும் தரப்படும் சின்னப் புத்தகம் அது. அட்டையில் படம். உள்ளே தேவாரம், பிறகு நான் எழுதிய வாழ்க்கை வரலாறு, பிறகு நான் எழுதிய வெண்பாக்கள், கடைசியில் நன்றி நவிலல். படிப்பவர்கள் குறைவு. ஆனால் இறந்தவரின் படம் இருப்பதால் எறிய மனம் வராது. கார்க் கதவின் பையில் கிடக்கும். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் என் படைப்புகள் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்கின்றன. இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய எழுத்தாளர்கள் அதிகம் இல்லை.

பகலில் நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெள்ளம் வந்து கம்பளம் நனைந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால், வெள்ளம் உண்மையில் வந்ததா, கம்பளம் உண்மையில் இருந்ததா என்று சந்தேகப்படுவது என் தொழில். மாலையில் குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்து கல்வெட்டு எழுத உட்காரும்போது அந்தச் சந்தேகங்களைச் சப்பாத்தோடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுவேன். "அப்பா எல்லாரோடயும் அன்பாப் பழகினவர்" என்று பிள்ளைகள் சொன்னால் அன்பாகப் பழகினவர்தான். மூன்று சகோதரர்களோடு இருபது வருடம் பேசாமல் இருந்தவராக இருந்தாலும்.

என்னை அழைத்த அன்ரி கிரவீனில் தனியாக இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருடம் நுணுக்குக்காட்டிக்குக் கீழே மற்றவர்களின் இரத்தத்தைப் பார்த்து ஓய்வு பெற்றவர். என்னையும் அப்படித்தான் பார்ப்பார். ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய கணவர் இறந்தபோது கல்வெட்டு எழுதியவன் நான். நான் போனபோது அது மேசையில் திறந்தபடி கிடந்தது. சில இடங்களில் பென்சிலால் கோடு.

"இவரை இசைப்பிரியர் எண்டு எழுதியிருக்கிறீர்."

"ஓம் அன்ரி."

"பாட்டுச் சத்தம் கேட்டா எழும்பிப் போய் ரேடியோவை நிப்பாட்டுற மனுசன்."

"மகன் சொன்னதைத்தான் அன்ரி எழுதினனான்."

"அதுதான் தம்பி எனக்கும் பயம். நான் செத்தாலும் அவன்தானே உமக்குத் தகவல் தருவான்."

தேத்தண்ணீரை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, மழை வரப்போகிறது என்று சொல்லும் குரலில் சொன்னார்: "எனக்கு முதல் ஒரு கலியாணம் நடந்தது. ஊரில. ஒண்டரை வருசம். அவர் கெட்டவர் இல்லை, நானும் இல்லை. சரிவரேல்லை, கையெழுத்து வைச்சுப் பிரிஞ்சனாங்கள். அது என்ர கல்வெட்டில வரவேணும். மகனுக்குத் தெரியும். ஆனா அவன் உமக்குச் சொல்லமாட்டான்."

நான் தேத்தண்ணீரை நிறைய நேரம் ஊதினேன். "கல்வெட்டில அப்பிடிப் போடுற வழக்கம் இல்லையே அன்ரி."

"சிட்னியில கல்வெட்டு ஆர் எழுதுறது?"

"கூட நான்தான்."

"அப்ப வழக்கம் ஆற்றை?"

நான் ஒரு பிஸ்கட் எடுத்தேன். அன்ரி கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். பெரிய கண்கள், மெல்லிய புருவம், தலையைக் கவிழ்த்து மூடியது போல் ஒரு தொப்பி. ஊமைப்பட காலத்து ஹொலிவுட் நடிகை ஒருத்தி. மாதத்தின் முதலாவது வியாழக்கிழமை நகரத்தில் ஒரு பழைய மண்டபத்தில் முதியவர்களுக்கு ஊமைப்படம் காட்டுகிறார்களாம், பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிப்பாராம். அன்ரி ரயிலேறிப் போய் வருகிறார். இந்த நடிகை நடித்த படங்களில் ஏறக்குறைய எல்லாம் எரிந்தும் உக்கியும் போய்விட்டன. ஒரு படத்தின் நடுச்சுருள் மட்டும் மிச்சம். அதுவும் அவுஸ்திரேலியாவில். அந்தக் காலத்தில் படப்பெட்டி ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியாக இங்கே வருமாம். இங்கிருந்து திருப்பி அனுப்புவது வீண்வேலை என்று விட்டுவிடுவார்களாம். நம்மில் பலரும் இந்த நாட்டில் மிச்சமானது ஏறக்குறைய அதே முறையில்தான் என்பதால், எனக்கு அந்தச் சுருள் மீது உடனே ஓர் உறவு ஏற்பட்டது.

"அதில என்ன நடக்குது அன்ரி?"

"ஒருத்தனுக்கு அறையிறா. அறைஞ்சுபோட்டுச் சிரிக்கிறா. ஏன் அறைஞ்சவ எண்டும் தெரியாது, பிறகு என்ன நடந்தது எண்டும் தெரியாது. ஆனா அந்தச் சிரிப்பு உண்மை." தாளை என் பக்கம் தள்ளினார். "இவவுக்கு ஒரு கல்வெட்டு எழுதும், மாதிரிக்கு. நேரா எழுதினீரெண்டா என்ர அலுவலும் உமக்கு. இல்லாட்டி மெல்பேர்ன்ல ஆள் பாக்கிறன்."

மெல்பேர்ன்காரர் ஒருவர் என் இடத்தைப் பிடிப்பதா? ஒத்துக்கொண்டேன்.

நடிகை பற்றி நூலகத்தில் இரண்டு தடித்த புத்தகங்கள் இருந்தன. முதலாவதை வாசித்து முடித்தபோது அவர் பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் மகள், மடத்தில் வளர்ந்தவர், ஓய்வு நேரத்தில் முயல் வளர்ப்பவர். இரண்டாவதை வாசித்தபோது தகப்பன் சிற்றூர்ப் புகையிரத நிலையத்தில் மூட்டை தூக்கியவர். பிரபுவையும் மடத்தையும் முயல்களையும் படக் கம்பனியின் விளம்பரப் பிரிவில் இருந்த ஒரு மனிதர் ஒரே பின்னேரத்தில் எழுதியிருக்கிறார். பெயரை மாற்றி, வயதில் மூன்றைக் குறைத்தவரும் அவர்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நூறு வருடத்துக்கு முன்னால், உலகின் மறுபக்கத்தில், என்னுடைய தொழிலை இன்னொருவர் செய்திருக்கிறார். அதுவும் வெண்பா இல்லாமல்.

உண்மை வாழ்க்கை வேறு மாதிரி. பதினாறு வயதில் வெள்ளக் காட்சியொன்றில் கூட்டத்தில் நின்று கத்துவதற்காகப் போனாள். ஊமைப்படத்தில் கத்தச் சத்தம் தேவையில்லை. ஆனால் இவள் உண்மையாகக் கத்தியதால் இயக்குநர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஓடும் ரயிலிலிருந்து குதிரைக்குத் தாவினாள். படப்பிடிப்பு விளக்குகளின் வெளிச்சத்தில் கண் வெந்து, இரவில் உருளைக்கிழங்குத் துண்டு வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். பேசும் படம் வந்தபோது அவளுடைய குரலில் ஒரு குறையும் இருக்கவில்லை. அந்தக் குரலால் அவள் முதலாளியிடம் சொன்ன விஷயங்களில்தான் குறை. வேலை போனது. கடைசிக் காலத்தில் ஒரு பெரிய கடையில் கையுறை விற்றாள். "நீங்கள் அந்த நடிகையைப் போல இருக்கிறீர்கள், அவள் செத்துப்போனாள் அல்லவா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், "ஆம், பாவம்" என்பாளாம்.

இவ்வளவும் எழுதுவதில் கஷ்டமில்லை. கஷ்டம் முதல் பந்தியில்தான். எங்கள் மரண அறிவித்தலுக்கும் கல்வெட்டின் முதல் பந்திக்கும் வாய்பாடு ஒன்றே: இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட அன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் ஆவார். மனைவிக்கு அதில் ஓர் இடம்தான் உண்டு. இந்த அம்மாவுக்கோ நாலு கலியாணம். அதிலும் கணவர்கள் மூன்று பேர்தான், ஏனென்றால் இரண்டாவதை விவாகரத்துச் செய்து, ஒரு பல் வைத்தியரை மணந்து, அவரையும் விட்டு, மறுபடியும் இரண்டாவதையே மணந்திருக்கிறார். தமிழின் எந்த இலக்கணமும் இதற்குத் தயாராக இருக்கவில்லை. நான்கு மாலைகள் போராடி எழுதினேன்:

"அமெரிக்கச் சிற்றூர் ஒன்றைப் பிறப்பிடமாகவும், ஹொலிவுட்டை வதிவிடமாகவும் கொண்ட அன்னார், காலஞ்சென்ற புகையிரத நிலையப் பணியாளர் தம்பதிகளின் அன்பு மகளும், காலஞ்சென்ற குதிரைவீரரின் மனைவியும், பின்னர் காலஞ்சென்ற இயக்குநரின் மனைவியும், பின்னர் காலஞ்சென்ற பல் வைத்தியரின் மனைவியும், பின்னர் மேற்படி இயக்குநரின் மீண்டும் பாசமிகு மனைவியும் ஆவார்."

எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது, இங்கே தவிர்க்கிறேன். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இவவுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப உங்களுக்குப் பிழையான தகவல் தர ஆக்கள் இல்லை. நல்லா வந்திருக்கு."

சனிக்கிழமை காலை முடிவெட்டப் போனேன். கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய பிறகு, இந்த அறிவித்தலை நடிகையின் படத்தோடு அன்ரிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. கண்ணாடி இல்லாமல் எனக்கு எல்லாப் பெயரும் ஒரே மாதிரி. துணிக்குக் கீழே கையை விட்டு அனுப்பினேன். அது அன்ரிக்குப் போகவில்லை. எங்கள் சங்கத்தின் குழுவுக்குப் போனது. அதில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள்.

துணிக்கடியில் கைத்தொலைபேசி அதிரத் தொடங்கியதும் முடிவெட்டுபவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியைப் போட்டேன். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று முதலாவது. "ஓம் சாந்தி" பதினொன்று. பிறகு கொஞ்சம் விரிவாக வரத் தொடங்கின.

"நல்ல மனுசி. எங்க கண்டாலும் சிரிச்சுக் கதைப்பா."

"தகப்பன் ஸ்டேசனில வேலை செய்தவர்தானே. எங்கட பக்கத்து ஆக்கள்."

"எனக்கு எட்டாம் வகுப்பில கணக்குப் படிப்பிச்சவ. அதே தொப்பி."

"அந்தியேட்டி பென்டில் ஹில் மண்டபத்திலயோ? அங்க கார் விடுறது கஷ்டம்."

உடனே அழித்தேன். அதாவது, எல்லாருக்கும் அழிக்கும் பொத்தானுக்குப் பதிலாக எனக்கு மட்டும் அழிக்கும் பொத்தானை அமத்தினேன். அறிவித்தல் என் கைத்தொலைபேசியிலிருந்து மட்டும் மறைந்தது. எனக்கு நிம்மதி வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, மற்றக் காதுப் பக்கத்தையும் வெட்டச் சொன்னேன்.

அது முடிவதற்குள் ஒருவர் அறிவித்தலை முழுதாக வாசித்துவிட்டார். சங்கத்தின் முன்னாள் செயலாளர். எதையும் முழுதாக வாசிப்பவர், அதனால்தான் முன்னாள். எனக்கே அழைத்தார்.

"என்ன ஐசே, நாலு கலியாணம் எண்டு கிடக்கு."

"அண்ணை, அது தமிழ் ஆள் இல்லை. ஒரு நடிகை. எப்பவோ செத்தவ."

"ஆராயிருந்தா என்ன? செத்த மனுசியை இப்பிடியோ அனுப்புறது? உம்மை நம்பித்தானே நாங்கள் எல்லாரும் சாகப்போறம்."

இந்தக் கடைசி வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் போட்டு, பாதி வெட்டிய தலையோடு குழுவில் எழுதினேன்: "தவறுதலாக அனுப்பப்பட்ட அறிவித்தலுக்கு வருந்துகிறேன். அது ஒரு விளையாட்டு முயற்சி மாத்திரமே. இப்படியான விடயங்கள் நம்மவர் கல்வெட்டுகளில் ஒருபோதும் இடம்பெறமாட்டா என உறுதியளிக்கிறேன்."

கைதட்டும் சின்னங்கள் வந்தன. ஏழாவது கைதட்டலில்தான் அன்ரியும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது எனக்கு நினைவு வந்தது. அங்கே அவர் எழுதுவதில்லை, வாசிப்பது மட்டும்தான். அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு விடயம். அதை நடக்க விடமாட்டேன் என்று இருநூறு பேர் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன்.

அன்ரி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. முடிவெட்டுபவரும் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் லெபனான்காரர், ஆனாலும் நிலைமை அவருக்கு விளங்கியது.

"அது விளையாட்டு இல்லை. நான்தான் எழுதச் சொன்னனான். அந்த நடிகைக்கு நாலு. எனக்கு ரெண்டு. முதலாவது ஒண்டரை வருசம், ரெண்டாவது நாற்பத்தொரு வருசம். ரெண்டும் என்ர கல்வெட்டில வரும். இப்பவே சொல்லிப்போட்டன். முப்பத்தோராம் நாள் சாப்பிடேக்குள்ள ஒருத்தருக்கும் புரைக்கேறத் தேவையில்லை."

குழு மௌனமானது. அந்தக் குழுவில் அப்படியொரு மௌனத்தை, சந்தா கேட்ட நாட்களில்கூட நான் கண்டதில்லை. ஐந்து நிமிடம் கழித்து, காலையிலிருந்து கார் ஓட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவர், மேலே ஒன்றையும் வாசிக்காமல், கடைசியாகத் தெரிந்த பெயரைப் பார்த்து எழுதினார்: "ஆழ்ந்த அனுதாபங்கள். அன்ரியின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறேன்."

"நன்றி தம்பி" என்று அன்ரி பதில் போட்டார்.

அன்று பின்னேரமே கிரவீனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வசனம் தயாரித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் அன்ரியின் மகன். என் வயதுக்காரர், கணினித் துறை, அவசரமாக வந்திருக்கிறார் என்பது இரண்டு கால்களிலும் வெவ்வேறு செருப்பு இருந்ததில் தெரிந்தது.

"அம்மா கேட்டா எல்லாத்தையும் போடுவியளோ?" என்றார். "நாளைக்கு என்ர ஸ்கூல் ரிப்போர்ட்டையும் போடச் சொல்லுவா."

"அதுக்குப் பக்கம் காணாது," என்றார் உள்ளேயிருந்து அன்ரி.

நான் மன்னிப்பு வசனத்தை ஆரம்பித்தேன். அன்ரி கையைக் காட்டி நிறுத்தினார். "உம்மட பயத்தை நான் வாசிச்சனான். பிறகு நீர் நடிகைக்கு எழுதினதைத் திரும்ப வாசிச்சன். நேரா எழுதியிருக்கிறீர். மற்றதை விடும்."

மகன் இரண்டு செருப்பையும் கழற்றி வாசலில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சரி, போடுங்கோ. ஆனா அப்பாவை முதல்ல போடுங்கோ. நாற்பத்தொரு வருசம் இருந்தவர்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு எதைச் சொன்னாலும் நியாயமாகப் படும். கல்வெட்டு எழுதுபவனின் தொழில்நோய் அது. அன்ரி என்னைப் பார்த்தார்.

"நடிகைக்கு எப்பிடிப் போட்டனீர்?"

"நடந்த ஒழுங்கில அன்ரி."

"அப்ப அப்பிடியே." மகனின் பக்கம் திரும்பினார். "அப்பாவுக்குத்தான் 'பாசமிகு' போடப்போறம் ராசா. மற்றவருக்கு வெறும் 'மனைவியும்'. அப்பா முன்னுக்கு நிக்கோணுமோ, பாசமிகு வேணுமோ?"

மகன் யோசித்தார். "பாசமிகு," என்றார்.

அதைத் தாளில் குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "முதலாவது ஆள், அன்ரி. 'காலஞ்சென்ற' போடுறதோ, விடுறதோ?"

நுணுக்குக்காட்டிக்கு இருபத்தெட்டு வருடம் குனிந்த மனுசி அன்றுதான் எனக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்குத் தெரியாது, தம்பி. மெல்பேர்ன்ல இருந்தவர். நான் விசாரிக்கிறேல்லை. நீர் கேட்டுச் சொல்லும்."

மெல்பேர்னில் ஆள் பார்ப்பதாக அவர் என்னை வெருட்டியதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

அன்ரி சொன்ன பெயரை வைத்து நண்பர்களைக் கேட்டு, மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவில் மகளோடு இருக்கும் எண்பத்துமூன்று வயதுக்காரரின் தொலைபேசி எண்ணைப் பிடித்தேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அழைத்தேன். என்னை முறையாக அறிமுகப்படுத்திக்கொள்வது பண்பு என்று நினைத்து, "ஐயா, நான் சிட்னியில கல்வெட்டு எழுதுறனான்" என்று தொடங்கி, அன்ரியின் பெயரைச் சொன்னேன்.

மறுமுனையில் கதிரை ஒன்று இழுபடும் ஓசை கேட்டது.

"எப்ப?" என்றார்.

"என்ன ஐயா எப்ப?"

"அவ எப்ப மோசம் போனவ?"

நான் என்ன செய்திருக்கிறேன் என்பது விளங்க இரண்டு விநாடி பிடித்தது. "ஐயோ இல்லை ஐயா. சுகமா இருக்கிறா. நேற்றும் என்னோட கதைச்சவ. இது முன்கூட்டியே எழுதிறது."

மூச்சு விடும் சத்தம். பிறகு நல்ல தமிழில் என்னைத் திட்டத் தொடங்கினார். மனுசருக்குச் செய்தி சொல்லும் முறையா இது, வயது போனவர்களின் நெஞ்சோடு விளையாடுகிறீரா, உம்முடைய தகப்பன் உம்மை எதற்குப் படிக்க வைத்தவர். எல்லாவற்றுக்கும் "ஓம் ஐயா" என்றேன். திட்டி முடித்ததும் கொஞ்சம் தணிந்து, விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"என்னை எப்பிடிப் போட்டிருக்கு?"

"'இன்னாரின் மனைவியும்' எண்டு. வேற ஒண்டும் இல்லை."

"அது காணும். ஒண்டரை வருசத்துக்கு அது சரி." பிறகு கேட்டார்: "ஆரை முன்னுக்குப் போட்டனீர்?"

"உங்களைத்தான் ஐயா. நடந்த ஒழுங்கில."

"ம்." பிறகு குரலைத் தாழ்த்தி, மகளுக்குக் கேட்காமலாக இருக்க வேண்டும், சொன்னார்: "என்ர பேருக்கு முன்னால இப்ப ஒண்டும் போட்டிடாதையும். நான் இருக்கிறன். வேணுமெண்டா கொஞ்ச இடம் விட்டு வையும்."

விட்டு வைத்திருக்கிறேன். அன்ரியின் கல்வெட்டு என் கணினியில் தயாராக இருக்கிறது: முதலாவது பெயருக்கு முன்னால் ஒரு சொல் அளவு வெற்றிடம், மிச்சமெல்லாம் முடிந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை மல்கிரேவிலிருந்து அழைப்பு வரும். நான் எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "அது இன்னும் அச்சுக்குப் போகேல்லைத்தானே?" என்பார். இல்லை என்றதும் வைத்துவிடுவார். அன்ரி இன்னும் வியாழக்கிழமைகளில் படத்துக்குப் போகிறார். வரும் வழியில் ரயிலிலிருந்து எனக்கு அழைத்துப் படத்தைப் பற்றிச் சொல்வார், வெண்பாவில் இரண்டாவதை மாற்றச் சொல்வார், வைப்பதற்கு முன்னால் வேறெதையோ தேடிக்கொண்டிருப்பவர் போலக் கேட்பார்:

"அந்த இடம், தம்பி. இன்னும் வெறுமையாத்தானே கிடக்குது?"

"ஓம் அன்ரி."

"கிடக்கட்டும்," என்பார். "அவசரமில்லை."